பார்த்ததை எழுத விடுங்கள்: கல்வியியல் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்வியியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் பேராசிரியர்களுக்கும், பி.எட். பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர். உங்கள் மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் பள்ளிக்கு வரும்போது அவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராக இருக்கிறேன். அவர்கள் நடத்தும் வகுப்பைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதும், அவர்கள் நீட்டும் ரெக்கார்டுகளில், அதாவது பயிற்சிப் பதிவேடுகளில், கையெழுத்துப் போடுவதும் என் வேலை. பாடம் நடத்துவதில் பெரும்பாலானவர்கள் சீக்கிரமே தேறிவிடுகிறார்கள். முதல் வாரம் குரல் நடுங்கும், மூன்றாவது வாரம் கரும்பலகைக்கு முதுகைக் காட்டாமல் எழுதப் பழகிவிடுவார்கள். எனக்கு உள்ள கவலை அவர்களுடைய எழுத்தைப் பற்றியது. பி.எட். படிக்கும் இரண்டு வருடமும் அவர்கள் ஓயாமல் எழுதுகிறார்கள். ஆனால் தாங்கள் வகுப்பில் கண்ணால் பார்த்ததை, அதைப் பற்றித் தாங்கள் யோசித்ததை, ஒரு பக்கம்கூட எழுதாமலேயே பட்டம் வாங்கிப் போகிறார்கள்.

ரெக்கார்டு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில நிமிடப் பாடத்தில் ஒரு திறனை மட்டும் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலுக்கு ஒன்று, பாடக் குறிப்புகளுக்குத் தனியாக, தேர்வும் அளவீடும், உளவியல் சோதனைகள், ஒரே பிள்ளையைப் பற்றி எழுதும் தனியாள் ஆய்வு, வகுப்பில் உள்ள சிக்கலுக்கு ஆசிரியரே வழி தேடிப் பார்க்கும் செயலாராய்ச்சி, ஆல்பம், நூல் மதிப்புரை. எல்லாம் பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, தலைப்புக்கு ஒரு நிறம், துணைத் தலைப்புக்கு ஒரு நிறம் என்று ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடிட்டு வருகின்றன. பிராக்டிகல் கமிஷன், அதாவது வெளித் தேர்வாளர்கள் வந்து பார்க்கும் செய்முறைத் தேர்வு, நெருங்கும் வாரங்களில் எங்கள் பள்ளியின் மதிய இடைவேளையைப் பார்த்தால் புரியும். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, சீனியர் கொடுத்த ரெக்கார்டை எதிரே சாய்த்து வைத்து, வரிக்கு வரி பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள். சிலர் வீட்டில் தம்பி, தங்கையைக்கூட எழுத வைக்கிறார்கள். பக்கத்து வகுப்பில் ஆசிரியர் இல்லை, போய்ப் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருங்கள் என்றால், ‘ரெக்கார்டு முடியல சார்’ என்று கெஞ்சுகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. முடிக்காவிட்டால் மதிப்பெண் போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு பயிற்சி ஆசிரியையைப் பற்றிச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டும் பாடம் அவருக்கு வந்தது. நடத்தி முடித்துக் கணக்குக் கொடுத்தார். ஒரு பையன் 1/2 + 1/4 = 2/6 என்று போட்டிருந்தான். கணக்கு ஆசிரியர்கள் எல்லாரும் ஆயிரம் தடவை பார்த்த தவறு இது. மேலே இருப்பதை மேலே கூட்டுவது, கீழே இருப்பதைக் கீழே கூட்டுவது. வழக்கமாகச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, மீச்சிறு பொது மடங்கு எடுக்கும் முறையை மறுபடி போட்டுக் காட்டிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுவோம். அந்தப் பெண் போகவில்லை. அவன் வீட்டில் மாடு இருக்கிறது, காலையில் நாலு வீட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு வருகிறவன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ‘ஒரு வீட்டுக்கு அரை லிட்டர், இன்னொரு வீட்டுக்குக் கால் லிட்டர் ஊத்தினா மொத்தம் எவ்வளவுடா?’ என்று கேட்டார். ‘முக்கால் லிட்டர் மிஸ்’ என்று நொடியில் வந்தது பதில். ‘அப்புறம் நோட்டுல ஏன் இப்படிப் போட்டிருக்க?’ என்றார். ‘இது கணக்கு மிஸ், அது பால்’ என்றான்.

அன்று மாலை ஆசிரியர் அறையில் அவர் இதை என்னிடம் சொன்னபோது முகத்தில் இருந்த பரபரப்பை நான் மறக்கவில்லை. அடுத்த நாள் அதே கேள்வியை வேறு பிள்ளைகளிடமும் கேட்டார். பலருக்கும் அதே கதைதான்: வாயில் முக்கால், நோட்டில் 2/6. அவர்கள் கண்ணுக்கு 1/2 என்பது ஓர் எண்ணாகவே படவில்லை, நடுவில் கோடு போட்ட இரண்டு எண்களாகத்தான் பட்டிருக்கிறது என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். 1/2-க்குப் பக்கத்தில் ‘அரை’ என்றும், 1/4-க்குப் பக்கத்தில் ‘கால்’ என்றும் எழுதிவிட்டு, விடை தோராயமாக எவ்வளவு வரும் என்று முதலில் வாயால் சொல்ல வைத்து, அதற்குப் பிறகுதான் கணக்கைப் போடச் சொன்னார். சில பிள்ளைகளுக்கு விளங்கியது. ஆனால் 1/3 + 1/5 என்று வந்ததும் மறுபடி முட்டிக்கொண்டார்கள். அரை, கால் போலப் பிள்ளைகள் வாயில் புழங்கும் சொல் அவற்றுக்கு இல்லை. ஆக, அந்த வழி எதுவரை உதவும், எங்கே நின்றுவிடும் என்பதும் தெரிந்துவிட்டது.

ஐயா, அம்மா, இதுதான் ஆராய்ச்சி. ஒரு கேள்வி இருக்கிறது, பிள்ளைகளிடமிருந்து வந்த சான்று இருக்கிறது, ஒரு விளக்கம் இருக்கிறது, செய்து பார்த்த மாற்றம் இருக்கிறது, அது எங்கே தோற்றது என்ற நேர்மையான குறிப்பும் இருக்கிறது.

சில நாள் கழித்து அவருடைய செயலாராய்ச்சி ரெக்கார்டு என் கையெழுத்துக்கு வந்தது. தலைப்பு: ‘ஆறாம் வகுப்பு மாணவர்களின் கணித அடைவை விளையாட்டு முறை மூலம் மேம்படுத்துதல்’. முன்தேர்வு, பின்தேர்வு, சராசரி, திட்ட விலக்கம், ஒரு பட்டை வரைபடம். பின்தேர்வில் அத்தனை பேரும் உயர்ந்திருந்தார்கள். பால்காரப் பையன் அதில் இல்லை, 2/6 இல்லை, அரையும் காலும் இல்லை. ‘நீங்க கண்டுபிடிச்சதை ஏம்மா எழுதலை?’ என்று கேட்டேன். ‘அதையெல்லாம் எழுதினா மார்க் வராது சார். ஃபார்மட் இருக்கு. பின்தேர்வுல எல்லாரும் கூடுதலா எடுத்திருக்கணும்’ என்றார். அந்த ரெக்கார்டு ஜெராக்ஸ் கடையில் கிடைத்த ஒன்றைப் பார்த்து எழுதியது என்பதையும் அவர் மறைக்கவில்லை. எழுதத் தெரியாதவர் என்று அவரைச் சொல்ல முடியுமா? ஆராய்ச்சி மனம் இல்லாதவர் என்று சொல்ல முடியுமா? எல்லாம் அவரிடம் இருந்தது. அதை எழுத இடம்தான் கிடைக்கவில்லை.

செயலாராய்ச்சி என்ற யோசனையே வகுப்பறை ஆசிரியருக்காகப் பிறந்தது. 1940-களில் உளவியலாளர் கர்ட் லெவின் அமெரிக்காவில் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1950-களில் அங்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கல்வியாளர் ஸ்டீபன் கோரி அதைப் பள்ளிகளுக்குள் எடுத்து வந்தார். 1970-களில் இங்கிலாந்தில் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ், வகுப்பறையை ஆராய வேண்டிய முதல் ஆள் அந்த வகுப்பின் ஆசிரியர்தான் என்று வாதாடினார். எங்கிருந்தோ வந்து படிவம் நிரப்பிக்கொண்டு போகும் ஆய்வாளரை எதிர்பார்த்து ஆசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதே இவர்கள் எல்லாரும் சொன்னதன் சாரம். உங்கள் மாணவர்கள் இந்தப் பெயர்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். அப்புறம் அதற்கு நேர்மாறான ஒன்றை ரெக்கார்டாக எழுதுகிறார்கள்.

பி.எட். ஏன் இரண்டு வருடமானது என்பதையும் இந்த இடத்தில் யோசித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012-இல் ஆசிரியர் கல்வியின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் கொண்டுவந்த விதிகளின்படி, 2015-16 முதல் படிப்பு இரண்டு வருடமாக நீண்டது. பள்ளியில் இருக்க வேண்டிய காலம் 20 வாரம் என்று ஆனது. முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. பதினாறு வாரம் ஒரு பள்ளியில் இருப்பது சாதாரண வாய்ப்பில்லை. ஒரு பிள்ளை ஒரு கருத்தைப் பிடித்துக்கொள்வதையும் நழுவ விடுவதையும் அருகிலிருந்து பார்க்கப் போதுமான காலம் அது. கூடுதலாகக் கிடைத்த அந்தக் காலத்தைக் கூடுதல் ரெக்கார்டுகள் தின்றுவிட்டன.

தனியாள் ஆய்வு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பிள்ளையின் உண்மைப் பெயர், வகுப்பு, பிரிவு, ஊர், அப்பாவின் குடிப்பழக்கம், அம்மா வீட்டை விட்டுப் போனது, எல்லாம் அப்படியே எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் புகைப்படமும் ஒட்டியிருக்கும். அந்த நோட்டு பைண்டிங் கடைக்குப் போகிறது, கல்லூரி அலமாரிக்குப் போகிறது, அடுத்த ஆண்டு ஜூனியர் ஒருவர் கையில் மாதிரியாகப் போய்ச் சேருகிறது. பெயரை மாற்றி எழுத வேண்டும், வீட்டாரிடம் கேட்க வேண்டும், ஆய்வுக்குத் தேவையில்லாத குடும்ப விஷயத்தை எழுதவே கூடாது என்பது ஆராய்ச்சியின் அரிச்சுவடி. அதைச் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பதிவு செய்ய அனுப்புவது சரியில்லை. வேறு எதையும் மாற்ற முடியாவிட்டாலும் இதை இந்த ஆண்டே மாற்றுங்கள்.

எம்.எட். ஆய்வேடுகளையும் விட்டுவிட முடியாது, ஏனென்றால் நாளைய கல்வியியல் பேராசிரியர்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள். அச்சு ஒன்றுதான். மனவெழுச்சி நுண்ணறிவோ, கணினி மீதான மனப்பான்மையோ, ஏதோ இரண்டு மாறிகள். முந்நூறு மாணவர்களிடம் ஒரு வினாநிரல். ஆண் - பெண், நகரம் - கிராமம், அரசு - உதவிபெறும் - தனியார் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று ஒரு கருதுகோள், ஒவ்வொன்றுக்கும் வேறுபாட்டைச் சோதிக்கும் ஒரு புள்ளியியல் எண், டி மதிப்பு. அந்த வினாநிரல்கள் எங்கள் பள்ளிக்கும் வருகின்றன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாடவேளையில் அதை நிரப்புகிறார்கள். பாதிப் பேர் கேள்வியைப் படிப்பதே இல்லை, ஒரே கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை டிக் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இருக்கும் என்று ஏன் எதிர்பார்த்தோம், இருந்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அந்த ஆய்வேடுகளில் நான் பதில் பார்த்ததில்லை. புள்ளியியல் தேவையில்லை என்று ஒரு கணக்கு ஆசிரியர் சொல்வேனா? கேள்வி பிறந்த பிறகுதான் அதற்கு வேலை வரும் என்கிறேன்.

முன்னவர்கள் செய்த ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயத்தைப் பாருங்கள். இன்னார், இன்ன ஆண்டு, இத்தனை பேரிடம் ஆய்ந்தார், இது தெரியவந்தது என்று பத்திக்கு ஒருவராக வரிசையாக வந்து போவார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா, எழுதுகிறவர் எந்தப் பக்கம் என்பது எங்கேயும் இருக்காது. பிறர் கருத்தோடு எப்படி உறவாடுவது என்பதை நம் மொழி எப்போதோ வகுத்து வைத்திருக்கிறது. எங்கள் பள்ளித் தமிழாசிரியர்தான் எனக்கு நன்னூலின் முன்னுரையான பாயிரத்தில் ‘எழுவகை மதம்’ என்ற பகுதியைக் காட்டினார். மதம் என்றால் இங்கே கொள்கை. பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எவரோடும் சேராமல் தன் கருத்தைக் கொள்வது என ஏழு. இதைவிடத் தெளிவாக அந்த அத்தியாயத்தை எழுதச் சொல்லிக் கொடுக்க எந்தக் கையேடு இருக்கிறது? அதே பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களும் இருக்கின்றன. கூறியது கூறல், மிகைபடக் கூறல், வெற்றெனத் தொடுத்தல், நின்று பயனின்மை என்று போகும் அந்தப் பட்டியலைத் திருத்துகிறவர் மேசையில் ஒட்டி வைத்தாலே பாதி வேலை முடியும். தமிழ்வழியில் படித்து வருகிற மாணவர்கள், ஆய்வு எழுத்து என்பது ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிற காரியம் என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். இவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

நகலெடுப்பதைப் பற்றியும் பேச வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டுக்கு எதிரான விதிகளைக் கொண்டுவந்தது. பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்தாகும் என்று படிப்படியாக அளவு வைத்தது. தேவையான விதிதான். ஆனால் நீலப் பேனாவால் கையால் எழுதிய ரெக்கார்டை எந்த மென்பொருளில் போட்டுப் பார்ப்பது? அதைவிட, எது திருட்டு என்று அந்த மாணவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பள்ளியில் நோட்ஸ், கல்லூரியில் கைடு என்று பதினைந்து வருடம் பார்த்து எழுதியதற்கே மதிப்பெண் வாங்கி வந்தவர்கள் அவர்கள். ஒருவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் எப்படித் தருவது, தன் சொற்களில் எப்படிச் சொல்வது, அப்படிச் சொன்னாலும் பெயரை ஏன் குறிப்பிட வேண்டும் என்பதெல்லாம் உட்கார வைத்துச் செய்து காட்டிப் பழக்க வேண்டியவை. இப்போது கைபேசியில் சாட்ஜிபிடியிடம் கேட்டால், முன்தேர்வு பின்தேர்வு எண்களோடு ஒரு முழுச் செயலாராய்ச்சியை நிமிடத்தில் கொடுத்துவிடுகிறது. ஃபார்மட்டுக்கு மதிப்பெண் போடுகிற வரை அதையும் தடுக்க முடியாது. பால்காரப் பையன் சொன்னதை மட்டும் அதனால் எழுத முடியாது, அது அந்த வகுப்பில் இருந்ததில்லை.

நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியம் இல்லை. ரெக்கார்டுகளில் பாதியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில், பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரும் தன் வகுப்பில் எழுந்த ஒரே ஒரு கேள்வியைத் தொடர்ந்து போய், ஏழெட்டுப் பக்கத்தில் தன் சொற்களில் எழுதித் தரட்டும். தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒரே மதிப்பெண். பிள்ளைகள் போட்ட கணக்குகளின் படம், எழுதிய கட்டுரைகளின் நகல், அன்றன்று கிறுக்கிய குறிப்பு, எல்லாம் பெயர் மறைத்து அதோடு இணைந்திருக்கட்டும். செய்து பார்த்தது பலிக்கவில்லை என்றால் பலிக்கவில்லை என்றே எழுத அனுமதியுங்கள். பலிக்காததைத் தெளிவாக எழுதியவருக்கு முழு மதிப்பெண் கிடைத்தது என்று ஒரு முறை செய்தி பரவினால் போதும், கற்பனைப் பின்தேர்வுகள் தானாகக் குறையும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் சோதனைப் பெயர்களைக் கேட்பதை விட்டு, ‘அந்தப் பிள்ளை என்ன சொன்னது? நீங்கள் ஏன் அப்படி நினைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். எழுதாதவரால் பதில் சொல்ல முடியாது.

இதையெல்லாம் படித்துத் திருத்த ஆள் எங்கே என்று கேட்பீர்கள். 2014 விதிகளின்படி இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 200 மாணவர் உள்ள கல்லூரிக்கு 16 முழுநேர ஆசிரியர்கள் வேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மாணவர்கள். பதினாறு பேரும் உண்மையிலேயே வேலையில் இருக்கிற கல்லூரியில், ஒருவர் பன்னிரண்டு சிறு கட்டுரைகளை வரைவு நிலையில் ஒரு தடவை, முடிந்த பிறகு ஒரு தடவை படிப்பது நடக்கக்கூடியதே. பதினாறு பேர் இல்லாத கல்லூரிக்கு இருக்கிற சிக்கல் வேறு, அதை ரெக்கார்டு மூட்டைகளால் மூடக் கூடாது.

தேடிப் படிப்பதையும் கற்றுக் கொடுங்கள். நூலகத்துக்கு ஒதுக்கிய பாடவேளையில் ஆட்களை வெறுமனே உட்கார வைக்க வேண்டாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் தமிழில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடுகளே இருக்கின்றன. கல்வி ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் எரிக் தளத்தில் உலகெங்கும் பின்னங்களைப் பற்றி நடந்த ஆய்வுகளைக் காசில்லாமல் தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. மதுரைப் பக்கம் உள்ளவர்களுக்கு 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம். அந்தப் பயிற்சி ஆசிரியை எரிக்கில் ஒரு மணி நேரம் தேடியிருந்தால், 2/6 என்ற விடையைப் பல நாட்டு ஆசிரியர்கள் பல பத்தாண்டுகளாக யோசித்து எழுதியிருப்பதைப் பார்த்திருப்பார். தான் தனி ஆள் இல்லை என்று தெரிந்திருக்கும்.

பள்ளிகளில் இன்று எண்களுக்குப் பஞ்சமில்லை. 2022-இல் தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியதிலிருந்து பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் செயலியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை ஏன் அரும்பிலேயே நிற்கிறது என்று கேட்டு, பார்த்து, எழுதி, பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் காட்டத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அப்படிப்பட்டவர்களை உருவாக்கும் இடம் உங்கள் கல்லூரிகள்தான். வேலைக்கு வந்த பிறகு அதைக் கற்றுக்கொள்ள எங்கள் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

பள்ளிப் பக்கத்திலிருந்து எங்களால் செய்ய முடிந்ததையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடும் வேலையை மட்டும் எங்களிடம் தராதீர்கள். வாரம் ஒரு பாடவேளை வழிகாட்டி ஆசிரியரும் பயிற்சி ஆசிரியரும் உட்கார்ந்து அந்த வாரக் குறிப்பைப் படிக்க வேண்டும் என்று உங்கள் பயிற்சி அட்டவணையிலேயே எழுதி அனுப்புங்கள். நான் படிக்கத் தயார். எனக்குத் தெரிந்த பல ஆசிரியர்களும் தயார். அடுத்த பயிற்சிப் பருவத்துக்கான சுற்றறிக்கை பள்ளிகளுக்கு வரும்போது, எந்தெந்த ரெக்கார்டுகள் நீக்கப்பட்டன என்ற பட்டியலும், பிள்ளைகளின் பெயரை மறைக்க வேண்டும் என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர்